சம்பந்தி மேல் ஒரு புகார்

பெண் கேட்க வரும் நாளில் சண்டை வேண்டும் என்று உவேரா ஒற்றைக் காலில் நின்றாள்.

"பக்கத்து மலையில லூசி வீட்டுல எவ்வளவு நேரம் சண்டை போட்டாங்க தெரியுமாம்மா? மாப்பிள்ளையோட தாத்தா நம்ம கோழியைப் பிடிச்சுட்டுப் போனாருன்னு ஆரம்பிச்சு, கடைசியில மாப்பிள்ளைக்கு நீச்சல் தெரியாது, ஏரிக்கரைப் பொண்ணை எப்படிக் காப்பாத்துவான்னு வந்து நின்னுது. ஜனங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. எனக்கு மட்டும் ஏன் கூட்டுறவு சங்க மீட்டிங் மாதிரி நடக்கணும்?"

நான் பயறில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டது நியாயம்தான். கேட்க வந்தவர்களை எடுத்த எடுப்பில் உட்கார வைத்துப் பெண்ணைக் கொடுத்து அனுப்பினால், அந்தப் பெண் வீட்டுக்கு பாரமாக இருந்தாள் போலிருக்கிறது என்று ஊர் பேசும். இரண்டு பக்கத்துக்கும் பேச்சில் கெட்டிக்காரரான ஒரு பெரியவர் இருப்பார். பெண் வீட்டுக்காரர் இல்லாத புகாரையெல்லாம் கிளப்புவார். மாப்பிள்ளை வீட்டுக்காரர் மறுப்பார், மடக்குவார், கடைசியில் ஒத்துக்கொண்டு அபராதம் கட்டுவார். அபராதம் என்பது ஒரு பெட்டி ஃபாண்டாவாக இருக்கலாம், ஒரு பாட்டாக இருக்கலாம், தொப்பை குலுங்க ஒரு ஆட்டமாக இருக்கலாம். அதற்குப் பிறகுதான் பெண் உள்ளேயிருந்து வெளியே வருவாள்.

எங்கள் பக்கத்துக்குப் பேச இருந்தவர் செகமானா மாமா. என் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி. இனப்படுகொலைக்குப் பிறகு என் பக்கத்தில் மிஞ்சிய ஒரே பெரியவர். அன்று காலையில்தான் வந்து முடிவைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"மாப்பிள்ளை பக்கத்துக்குப் பேசற ருகேராவும் நானும் பேசிட்டோம். புகார் எதுவும் கிடையாது. மரியாதையாக் கேப்பாங்க, மரியாதையாக் குடுப்போம். பொண்ணுக்கு ஈடா அவங்க வீட்டு மாடு வரும், சாப்பாடு போடுவோம், முடிஞ்சுது."

"ஏன் மாமா? நீங்க பேசாம இருந்தா வாய் புண்ணாயிடுமே."

"ஏனா? எல்லா வீட்டுலயும் முதல் புகார் என்ன? 'உங்க ஆளுங்க எங்க மாட்டை ஓட்டிட்டுப் போயிட்டாங்க.' அதை நான் இங்க எந்த வாயால சொல்றது, தொனாத்தா? நிஜமாவே ஓட்டிட்டுப் போனாங்களே!"

சிரிக்கத்தான் பார்த்தார். பாதியில் நின்றுவிட்டது.

மாப்பிள்ளை தெயோஜேனின் அப்பா அனஸ்தாஸ். படுகொலை நடந்த அந்த ஏப்ரலில் அவருக்கு இருபத்து மூன்று வயது. எங்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு போனவர்களில் அவரும் ஒருவர். எங்கள் வீட்டு ஓடுகளைப் பிரித்தவர்களில் ஒருவர். ஓடைக்கு இறங்கும் பாதையின் வளைவில் மரத்தைக் குறுக்கே போட்டு மறித்து நின்றவர்களிலும் ஒருவர். என் அண்ணன்கள் இரண்டு பேரும் அந்த வளைவைத் தாண்டவில்லை. பிற்பாடு ஊர் கூடிய நியாய சபையில் புல்வெளி நடுவே எழுந்து நின்று, "நான் வெட்டல. பிடிச்சுக் குடுத்தேன். வெட்டுனதுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல" என்றார். சிறையில் இருந்தார். திரும்பி வந்ததும் உடையாமல் மிஞ்சிய எங்கள் ஓடுகளைத் தன் கூரையிலிருந்து இறக்கித் தலைச்சுமையாகக் கொண்டுவந்து என் வாசலில் அடுக்கினார். அவர் வீட்டுக்குத் தகரம் போட்டுக்கொண்டார்.

எனக்கு அப்போது பத்தொன்பது. அக்காவின் கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஏரிக்கரைக் கோரைக்குள் கிடந்தேன். அந்தக் குழந்தை அழாமல் இருக்க வாயை மூடிக்கொண்டு, தொண்டைக்குள்ளேயே பாடினேன். அந்தக் குழந்தைதான் உவேரா.

இவ்வளவுக்கும் பிறகு நான் பாட்டுக்காரி ஆனேனா, இல்லை இதனால்தான் ஆனேனா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். வானொலியில் கேட்டவர்களுக்கு நல்ல பதில்கள் சொல்லியிருக்கிறேன். எனக்கே சொல்லிக்கொள்வது இவ்வளவுதான். தேவாலயப் பாடகர் குழுவில் கிடார் வாசிக்க ஆள் இல்லை, நான் கற்றுக்கொண்டேன். எங்கள் குழுவுக்கு விடியல் பனி என்று பெயர். பாஸ்டர் ஒருநாள் சிறையில் பாடக் கூப்பிட்டார். ரோஜா நிறக் கைதிச் சட்டைகளில் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால் நின்று பாடினேன். முதல் பாட்டு முழுவதும் கிடார்க் கம்பிகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இரண்டாம் பாட்டில் பின்வரிசையிலிருந்து ஒரு அடிக்குரல் சேர்ந்துகொண்டது. யாருடையது என்று தேடவில்லை. விடுதலையாகி வந்த பிறகு ஒருநாள் ஒத்திகை நடக்கும்போது கதவருகே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அனஸ்தாஸ் நின்றார். "அக்கா, பின்னாடி நின்னுக்கட்டுமா?" குரலைக் கேட்டதும், அன்று பின்வரிசையில் பாடியது இவர்தான் என்று தெரிந்துவிட்டது. நில்லுங்கள் என்றேன். ஏன் சொன்னேன் என்பதற்குப் பெரிய பெரிய காரணங்கள் இருக்கலாம். எங்கள் குழுவில் அடிக்குரல் பாட ஆள் இல்லை என்பதும் ஒரு காரணம்.

பதினொரு வருடங்கள் ஆயின. மலை மலையாகப் போய்ப் பாடுகிறோம். பிடித்துக் கொடுத்தவர்கள், பிழைத்துக் கிடந்தவர்கள், அப்போது பிறந்தே இராதவர்கள், எல்லோரும் ஒரே வேனில் ஒருவர் மடியில் ஒருவர் உட்காராத குறையாகப் போவோம். எந்த இரண்டு இனப் பெயர்களைச் சொல்லி எங்களைப் பிரித்தார்களோ, அந்தப் பெயர்களை வேனில் யாரும் வாயில் எடுப்பதில்லை. வறுத்த ஏரி மீனை ஒரே பொட்டலத்திலிருந்து எடுத்துத் தின்போம். மன்னிப்பைப் பற்றி நான் எழுதிய பாட்டுகளில் ஒன்றையும் பொய்யாகப் பாடவில்லை. ஆனால் ஒரு பாட்டு நான்கைந்து நிமிடம்தான். பாடும்போது நான் யாராக இருக்கிறேனோ அந்தப் பெண்ணை நம்பி ஒரு முழுநாளை ஒப்படைக்க முடியாது.

அனஸ்தாஸ் வீட்டுக்குள் நான் ஒருமுறைகூடப் போனதில்லை. ஒத்திகை நேரம் சொல்லப் போவேன். வாசலில் நின்று சொல்வேன். மழை பிடித்துக்கொண்டால் இறவாரத்தின் கீழே ஒதுங்குவேன். அவர் மனைவி ஸ்பெசியோஸ் உள்ளேயிருந்து, "உள்ள வாங்கக்கா, ஒரு வாய் சோளக்கூழ் குடிச்சுட்டுப் போங்க" என்பாள். "இன்னொரு நாள்" என்பேன். அவள் ஒன்றும் செய்தவள் அல்ல. மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு சிறைக்குச் சோறு சுமந்தவள். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், அந்த வாசல்படியில் என் கால் நின்றுவிடும். நான் நிறுத்துவதில்லை, அதுவாக நிற்கும்.

இப்போது உவேரா அந்தப் படியைத் தாண்டிப் போகப் போகிறாள். தெயோஜேனை எனக்குப் பிடிக்கும். படகு எஞ்சின் பழுது பார்ப்பவன், கையில் எண்ணெய்க் கறையோடு வந்து, அதை மறைக்கப் பின்னால் கட்டிக்கொண்டு பேசுவான். சரி என்று சொன்னதும் நான்தான். பெண்ணைப் பெற்றவள் சம்பந்தி வீட்டுக்கு அடிக்கடி போகக்கூடாது என்று ஒரு வழக்கம் எங்களிடம் உண்டு. எனக்கு அது எவ்வளவு வசதி என்று நினைக்கும்போது என் மேலேயே கோபம் வரும். நாளைக்கு அவளுக்குக் காய்ச்சல் வந்தால்? பிள்ளை பிறந்தால்? இறவாரத்தில் நின்றுகொண்டு, இங்கே கொண்டுவந்து காட்டுங்கள் என்றா சொல்வேன்? கோரைக்குள்ளிருந்து தூக்கிவந்த பிள்ளையை ஒரு வாசல்படியில் தொலைத்துவிடுவேனோ என்று இருந்தது.

பெண் கேட்பு ஜூலை மாதத்துச் சனிக்கிழமை. மழை இல்லை, தூசிதான். என் வீட்டு முற்றத்தில் இரண்டு பந்தல்கள், எதிரெதிராக. வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலிகள். கீழே ஏரி தகடு போலக் கிடந்தது. ஒரு பந்தலில் நாங்கள், மறுபந்தலில் அவர்கள். எங்களுக்குப் பின்னால் மத்தளத்தோடு விடியல் பனி. அனஸ்தாஸ் மட்டும் எதிர்ப்பந்தலில் தன் மகனுக்குப் பக்கத்தில். உவேரா உள்ளே திரைச்சீலைக்குப் பின்னால், தோழிகளோடு. ஒற்றைத் தோளில் முடிந்த என் பட்டுத் துணி நழுவிக்கொண்டே இருந்தது.

செகமானா மாமா எழுந்தார். ஏரிக்கரை முழுக்க யார் வீட்டுக் கல்யாணமானாலும் கூப்பிட்டுக்கொண்டு போகிற வாய். அந்த வாய் அன்று சொன்னது:

"மதிப்புக்குரிய விருந்தினர்களே, தங்கள் வருகைக்கு நன்றி. பயணம் நல்லபடியாக அமைந்ததா?"

எதிரே ருகேரா எழுந்தார். முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். கடையில் கத்தரியைவிட அவர் நாக்குதான் அதிகம் வெட்டும். அவர் சொன்னார்: "நல்லபடியாக அமைந்தது. மிக்க நன்றி."

"தாங்கள் வந்த நோக்கம்?"

"தங்கள் மகளைத் தங்கள் அனுமதியோடு கேட்க வந்திருக்கிறோம்."

"பரிசீலிக்கிறோம்."

எனக்குப் பின்னால் யாரோ ஒரு பெண் பக்கத்திலிருப்பவளிடம், "என்னடி இது, நிலப் பட்டா வாங்க வந்த மாதிரி இருக்கு" என்றாள்.

"சும்மா இரு. பாஸ்டர் பிரசங்கமே தேவலாம் போல."

"நான் இங்கதான்மா உக்காந்திருக்கேன்" என்றார் பாஸ்டர் திரும்பாமல்.

அது ஒன்றுதான் அந்த முற்றத்தில் அதுவரை கேட்ட உயிருள்ள பேச்சு. மறுபடி இருவரும் தங்கள், தாங்கள் என்று தொடர்ந்தார்கள். ஒருவர் பேசி முடித்ததும் மற்றவர் ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு இடைவெளி. அந்த இடைவெளியை எனக்குத் தெரியும். புதிய பாட்டு ஒத்திகையில், எங்கே நுழைவது என்று எல்லோருக்கும் தெரிந்தும், தப்பாகிவிடுமோ என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அப்போது யாராவது ஒருவர் தப்பாகவாவது நுழைய வேண்டும். நல்லபடியாக நடந்துகொள்ள வேண்டும் என்பதில் நாங்கள் எவ்வளவு தேர்ந்துவிட்டோம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படியே நல்லபடியாக அவளைக் கொடுத்து, நல்லபடியாக இறவாரத்தில் நின்று, நல்லபடியாகச் செத்தும் போய்விடலாம்.

திரைச்சீலை ஓரமாக உவேராவின் ஒரு கண் தெரிந்தது. அதில் அழுகை இல்லை. சலிப்பு இருந்தது. அது எனக்குப் பொறுக்கவில்லை.

எழுந்து நின்றேன்.

பெண் கேட்பில் பெண்கள் பேசுவதில்லை. பெண்ணின் அம்மா பேசுவது கிடையவே கிடையாது. செகமானா மாமா பாதி வார்த்தையில் நின்றார். "தொனாத்தா, உக்காரு. தண்ணி வேணுமா?"

"தண்ணி வேண்டாம் மாமா. எனக்கு ஒரு புகார் இருக்கு. அனஸ்தாஸ் மேல."

எதிர்ப்பந்தலில் யாரோ கையிலிருந்த பாட்டிலை மெதுவாகத் தரையில் வைத்தார்கள். தெயோஜேனின் முகம் வெளுத்துப்போனது.

அனஸ்தாஸ் எழுந்து நின்றார். யாரும் சொல்லாமலே தொப்பியைக் கழற்றினார். கைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, தலையைக் கொஞ்சம் குனிந்து நின்றார். அவர் அவசரப்படவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. ஒவ்வொரு ஒத்திகைக்கும், ஒவ்வொரு வேன் பயணத்துக்கும், இன்றைக்காவது எழுந்து நிற்கச் சொல்வார்கள் என்ற நினைப்போடுதான் இவர் வந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த ஒரு கணத்தின் பலம் என் கையில் இருந்தது. அது எனக்குப் பிடித்துமிருந்தது. உடனே போதும் என்றும் ஆகிவிட்டது.

"இந்த ஆளு," என்றேன், "பதினொரு வருஷமா என் கோரஸ்ல, ஒவ்வொரு அல்லேலூயாவுக்கும் அரைத் தட்டு முன்னாடியே நுழையறார். ஒரே ஒரு அல்லேலூயாவை உருப்படியா விட்டதில்ல. ரேடியோவுல ரெக்கார்டிங் பண்ணப்பவும் அப்படித்தான். இப்படிப்பட்ட வீட்டுக்கு என் பொண்ணை எப்படிக் குடுக்கறது? என் பேரப்பிள்ளைங்க எல்லாம் தாளம் தப்பிப் பொறந்தா யார் பொறுப்பு?"

யாரும் சிரிக்கவில்லை. தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பிறகு எனக்குப் பின்னாலிருந்து மத்தளக்காரன் கத்தினான்: "ஆமா! நான் சாட்சி! அவரால எனக்கு மணிக்கட்டே சுளுக்கிடுச்சு!"

"நானும் சாட்சி!" "நானும்!" விடியல் பனி முழுவதும் எழுந்துவிட்டது. "சிறைச்சாலையிலகூட அப்படித்தான் பாடுவாரு, நான் பக்கத்துப் பாய்!" என்று ஒருவர் கூவியதும் எதிர்ப்பந்தல் வெடித்துச் சிரித்தது. பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அனஸ்தாஸ் இன்னும் நின்றுகொண்டிருந்தார். என்ன நடந்தது என்று அவருக்கு எட்டக் கொஞ்சம் நேரம் பிடித்தது. தொப்பியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "ஒத்துக்கறேன்கா" என்றார்.

"ஏன் அவ்வளவு அவசரம்? அதைச் சொல்லுங்க."

"பயம்தான். பின்தங்கி நுழைஞ்சா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்களே."

சிரித்தவர்கள் சிலர் சிரிப்பை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள். செகமானா மாமாவுக்கு அதற்குள் பழைய வாய் திரும்பிவிட்டது. வேட்டை நாய்க்கு வாடை பட்டது போல நிமிர்ந்தார்.

"குற்றத்தை ஒத்துக்கிட்டார்! ஜனங்களே கேட்டீங்களா? அபராதம்! இன்னைக்குத் தனியாப் பாடணும். கோரஸ் கிடையாது, ஒளிஞ்சுக்கப் பின்வரிசை கிடையாது!"

"ஐயோ, தனியாவா?" என்றார் அனஸ்தாஸ். பதினொரு வருடங்களில் எத்தனையோ முறை தனியாகப் பாடச் சொல்லியும் அவர் ஒத்துக்கொண்டதில்லை.

ருகேரா துள்ளி எழுந்தார். "நில்லுங்க, நில்லுங்க! எங்க பக்கம் புகாரே இல்லாமயா இருக்கு? பொண்ணோட மாமா செகமானா, என் கடைக்கு வர்றாரு, தலையில எட்டு முடிதான், ஆனா முழு ஆளுக்கான நேரம் எடுத்துக்கிட்டுப் போறாரு! பேசிப் பேசியே என் வாடிக்கையாளருங்க ஓடிட்டாங்க!"

"எட்டா? யோவ், போன மாசம் நீ வெட்டுனதுக்கு முன்னாடி பன்னெண்டு இருந்துச்சு!"

அதற்கப்புறம் பிடிக்க முடியவில்லை. நான் உட்கார்ந்தேன். சிரித்துச் சிரித்து என் தோள் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. திரைச்சீலைக்குப் பின்னால் தோழிகள் கும்மாளமிடுவது கேட்டது.

அப்போதுதான் ஸ்பெசியோஸ் எழுந்தாள்.

"அக்கா பேசலாம்னா நானும் பேசலாம்" என்றாள். ருகேரா அவளை உட்காரச் சொல்லக் கையை நீட்டினார். அவள் அந்தக் கையை ஒரு கொசுவைப் போல ஒதுக்கினாள்.

"எனக்கும் ஒரு புகார். இந்தம்மா மேல. எங்க வீட்டு வாசலுக்கு எத்தனையோ தடவை வந்திருக்காங்க. வெயில்ல வருவாங்க, மழையில வருவாங்க. வாசல்லயே நிப்பாங்க. என் கூரைத் தண்ணி முழுக்க அவங்க தலையிலதான் ஊத்தும். உள்ள வந்து ஒரு வாய் என் கையால வாங்கிக் குடிச்சதில்ல. ஏங்க, நான் என்ன அவ்வளவு மோசமாவா கூழ் காய்ச்சறேன்?"

"மோசமாத்தான் காய்ச்சுவ, ஊருக்கே தெரியும்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்தது. ஸ்பெசியோஸும் சிரித்தாள். ஆனால் கடைசி வார்த்தையில் அவள் குரல் லேசாக உடைந்ததை நான் கேட்டேன். குரல்களைக் கேட்பதுதான் என் தொழில்.

விளையாட்டுப் புகார்களின் நடுவே அவள் இதை நுழைத்துவிட்டாள். வேறு எந்த நாளில், எந்த வார்த்தையில் அவளால் இதை என்னிடம் கேட்டிருக்க முடியும்? தனியாகக் கேட்டிருந்தால் நான் ஏதாவது நல்லதாகச் சொல்லித் தப்பித்திருப்பேன். இங்கே தப்பிக்க வழியில்லை. ஒத்துக்கொள்ள வேண்டும், இல்லை மறுக்க வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஒத்துக்கறேன்" என்றேன்.

"அப்படின்னா அபராதம். என் வீட்டுல வந்து குடிக்கணும்."

"வர்றாங்க, வர்றாங்க, கல்யாணம் முடியட்டும்" என்று செகமானா மாமா எனக்காக முந்திக்கொண்டார்.

"அபராதம் கட்டாம எந்த ஊர்ல பொண்ணைக் குடுப்பாங்க?" என்றாள் ஸ்பெசியோஸ். "இப்பவே."

"இப்பவேவா! பொண்ணு வீட்டு ஆளுங்க பாதியில எழுந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போறதா? ஊர் என்ன சொல்லும்? செகமானா கூட்டம் மாப்பிள்ளை கேட்டுப் போச்சுன்னு சொல்லும்!"

"சொல்லட்டும். வரதட்சணையா நீங்க என்ன குடுப்பீங்கன்னு நாங்க அப்புறம் பாத்துக்கறோம்" என்றார் ருகேரா.

நான் தோள் முடிச்சைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். யோசித்திருந்தால் கால் நின்றிருக்கும். மாமா "தொனாத்தா, தொனாத்தா" என்று பின்னாலேயே வந்தார். அவர் வந்ததால் பாஸ்டர் வந்தார். பிறகு இரண்டு பந்தலும் எழுந்துவிட்டன. வேலி வாசலில், கல்யாண மாட்டை ஓட்டிக்கொண்டு நீளக் கோல்களோடு வந்த இரண்டு பேர் எதிர்ப்பட்டார்கள்.

"எல்லாரும் எங்க போறீங்க? மாடு வந்திருக்கு!"

"உங்க ஊருக்குத்தான். அதையும் திருப்பு!"

"இப்பத்தானய்யா அங்கிருந்து மேடேறி வந்தோம்!"

மாட்டைத் திருப்பினார்கள். அது கொம்பை ஆட்டிக்கொண்டு வந்த வழியே இறங்க ஆரம்பித்தது. செகமானா மாமா இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு, "பாருங்க ஜனங்களே, பாருங்க! எங்க மாட்டை ஓட்டிட்டுப் போறாங்க!" என்று அலறினார்.

அலறிய பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார். என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றிலிருந்து வந்தது. அதைப் பார்த்து அவருக்கும் வந்தது. இரண்டு பேரும் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அவர் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அதில் எவ்வளவு சிரிப்பு என்று நான் கேட்கவில்லை.

வாழைத் தோப்புக்கு நடுவே பாதை இறங்குகிறது. ஓடைக்கு முன்னால் அந்த வளைவு. பேசிக்கொண்டும் ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டும் வந்த கூட்டம் அங்கே வந்ததும் பேச்சை விட்டுவிட்டது. பேசாதே என்று யாரும் சொல்லவில்லை. காலடிச் சத்தமும் மாட்டின் மூச்சும் மட்டும் கேட்டன. அனஸ்தாஸ் பாதையை விட்டு ஓரமாக இறங்கி நின்றுவிட்டார். எல்லோரும் தன்னைக் கடந்து போகட்டும் என்று காத்திருந்தார். நான் அவர் முன்னால் நின்றேன். என் அண்ணன்களின் முகங்கள் இந்த இடத்தில் எப்போதும் வரும், அன்றும் வந்தன. அவர்களுக்குக் கல்யாணமென்றால் உயிர். இந்நேரம் முன்னால் ஓடியிருப்பார்கள்.

"நடங்க" என்றேன். "வீட்டுக்காரர் முன்னாடி போகாம விருந்தாளி எப்படிப் போறது?"

அவர் நடந்தார். வளைவைத் தாண்டினோம். ஓடைப் பாலத்தில் கால் வைத்ததும் அவர் பாட ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை, அவராக அபராதத்தைக் கட்டினார். நன்றிப் பாட்டு, எங்கள் குழுவின் முதல் பாட்டு. அந்த அடிக்குரல் தனியாக எப்படி இருக்கும் என்று அன்றுதான் கேட்டேன். முதல் அடி கரகரத்தது. இரண்டாவது அடி பள்ளத்தாக்கு முழுவதும் பரவியது. தனியாகப் பாடும்போது யாராலும் முன்னால் நுழைய முடியாது என்பதால் தாளமும் சரியாக இருந்தது. இரண்டாம் சரணத்துக்கு மேல் விடியல் பனியால் சும்மா இருக்க முடியவில்லை. மத்தளக்காரன் மத்தளத்தைத் தலைகீழாகத் தூக்கிவந்திருந்தான், அப்படியே அடித்தான். பெண்கள் கைகளை மாட்டுக் கொம்புகள் போல உயர்த்தி ஆடிக்கொண்டே மேடேறினார்கள். பட்டுத் துணியெல்லாம் தூசி.

தகரக் கூரை வெயிலில் பளபளத்தது. ஸ்பெசியோஸ் குறுக்குவழியில் ஓடிப்போய்க் கதவைத் திறந்து வைத்திருந்தாள். நான் இறவாரம் வரை வந்தேன். வாசல்படி.

கால் நின்றது. அதுவாக நின்றது.

பின்னால் பாட்டு ஓயவில்லை. யாரும் என்னைத் தள்ளவில்லை, வாங்க என்று கூப்பிடவும் இல்லை. உள்ளே அடுப்பு தெரிந்தது. மூலையில் ஒரு பாய். ஆணியில் அனஸ்தாஸின் மழைக்கோட்டு. சுவரில் எங்கள் குழுவின் போட்டோ, ஓரத்தில் ஈரம் பட்டு ஊதியிருந்தது. எல்லா வீட்டையும் போல ஒரு வீடு. இத்தனை வருடம் என் மனதில் இந்த உள்பக்கத்தை நான் எவ்வளவு இருட்டாகக் கட்டி வைத்திருந்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, என் கால் உள்ளே இருந்தது.

ஸ்பெசியோஸ் பானையிலிருந்து சுரைக்குடுக்கையில் கூழை மொண்டாள். எங்கள் வழக்கத்தில் கொடுப்பவர் முதலில் ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் கொடுப்பார். இதில் ஒன்றும் கலக்கவில்லை, நீ நம்பலாம் என்று அதற்கு அர்த்தம். அந்த ஏப்ரலுக்குப் பிறகு, குடிக்கிறார்களா என்று எல்லோருமே கூர்ந்து பார்க்க ஆரம்பித்தோம். அவள் குடுக்கையைத் தன் வாய்க்குக் கொண்டுபோனாள்.

நான் கையை நீட்டிப் பிடித்தேன். "நீ குடிக்க வேண்டாம். அப்படியே குடு."

"அக்கா, அது முறை இல்ல."

"இன்னைக்கு எதுதான் முறையா நடந்துச்சு? குடு."

கொடுத்தாள். குடித்தேன். அவள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே பாட்டு நின்றிருந்தது. சன்னலில் தலைகள். செகமானா மாமா, "குடிச்சாச்சா? என்ன தீர்ப்பு?" என்று கத்தினார்.

"படு புளிப்பு!" என்றேன்.

முற்றம் கூவியது. "நான் சொல்லல? நான் சொல்லல?" என்று அந்தப் பழைய குரல். ஸ்பெசியோஸ் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. நான் குடுக்கையைக் கீழே வைக்காமல் அவள் தோளில் கை போட்டுக்கொண்டேன். கூழ் கொஞ்சம் அவள் புதுத் துணியில் சிந்தியது. அனஸ்தாஸ் தன் வீட்டு வாசலிலேயே, உள்ளே வருவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

என் இடுப்பில் முடிந்திருந்த போன் அடித்தது. உவேரா.

"அம்மா! எல்லாரும் எங்க போய்த் தொலைஞ்சீங்க? பந்தல்ல ஒரு ஆள் இல்ல. ஆடு ஒண்ணு நாற்காலியில நிக்குது. நான் சண்டைதானே கேட்டேன், என்னை விட்டுட்டு ஓடவா சொன்னேன்?"

"ஸ்பெசியோஸ் வீட்டுல இருக்கேன்."

அந்தப் பக்கம் தோழிகளை யாரோ அடக்கும் சத்தம் மட்டும்.

"வாசல்லயாம்மா?"

"இல்லடி. உள்ள. அடுப்புக்குப் பக்கத்துல."

மூக்கை உறிஞ்சினாள். பிறகு, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அவளுக்கே உரிய அதிகாரத்தோடு கேட்டாள்: "அப்ப என்னை யார் கேக்கறது?"

"வர்றோம். எல்லாரும்தான் வர்றோம். மாடும் வருது. கொஞ்சம் பொறு," என்று குடுக்கையை ஸ்பெசியோஸிடம் நீட்டினேன், "இன்னொரு வாய் குடிச்சுட்டு வந்துடறேன்."